வளைவில் வரும் சத்தமும் வீணாகும் காசும்

பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறும் பாதையில் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஓட்டும் தூரம் மிகக் குறைவு. ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது வந்துவிடும். கொழும்பில் மாதக்கணக்கில் காதில் விழாத சத்தம் எமது பகுதிக்கு வந்தவுடன் கேட்பது அதனால்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடமும் கையிலிருந்த வாகனத்தையே இழுத்துக்கொண்டு ஓடினோம். அந்தத் தேய்மானம் இப்போது சத்தம் போடுகிறது.

எனது உதிரிப்பாகக் கடைக்கு வருபவர்கள், "நானா, முன் ஷொக் ரெண்டும் தாங்க, வளைக்கும்போது சத்தம்" என்பார்கள். விற்றால் எனக்கு இலாபம்தான். ஆனால் வளைக்கும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு ஷொக் எப்சோபர் காரணமாக இருப்பது குறைவு. மாற்றியும் சத்தம் போகாவிட்டால் கராஜையும் கடையையும் சேர்த்தே திட்டுவார்கள். ஆகவே, சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். அதற்குச் செலவில்லை.

வாகனத்தை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமும் கடைசிவரை திருப்புங்கள். 'டொங்' என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால், ஷொக்கின் உச்சியிலுள்ள மவுண்ட் பெயரிங் இறுகியிருக்கலாம். ஆல்ட்டோ, வேகன் ஆர், விட்ஸ் போன்றவற்றின் முன்பக்கம் மெக்பர்சன் முறையில் அமைந்தது. அதில் ஸ்டியரிங்கோடு ஸ்பிரிங்கும் சுழல வேண்டும். மேலே இறுகினால் ஸ்பிரிங் முறுகி நின்று, பிறகு ஒரேயடியாக விடுபடும். இதைக் கழற்ற ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி வேண்டும். கம்பியால் கட்டிக் கழற்றும் பாஸ்மாரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே அடித்துவிடும்.

ஸ்டியரிங்கை நன்றாகத் திருப்பி மெதுவாக எக்ஸலேட்டர் கொடுக்கும்போது 'டக் டக் டக்' என்று சில்லின் வேகத்தோடு சேர்ந்து வந்தால், அது சஸ்பென்ஷனே அல்ல. டிரைவ் ஷாப்டின் வெளிப்பக்க சிவி ஜொயின்ட். சில்லின் உட்புறம் கிரீஸ் சிதறியிருக்கிறதா, றப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட் கிழிந்து, சத்தம் இன்னும் வராதிருந்தால் கழுவி, புதிய கிரீஸும் பூட்டும் போட்டுத் தப்பலாம். சத்தம் தொடங்கிவிட்டால் கிரீஸால் பயனில்லை, ஜொயின்டையே மாற்ற வேண்டும். சில நூறு ரூபாவைப் பார்த்துப் பூட்டை ஒத்திப்போட்டு, ஷாப்டுக்குப் பணம் கட்டியவர்கள் எமதூரில் அநேகர்.

வளைவில் பள்ளங்களில் ஏறும்போது 'கட கட' என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க். இது மலிவான சாமான், மாற்றுவதும் இலகு. 'கிறீச்' என்ற சத்தம் மழை நாளில் குறைந்து வெயிலில் கூடினால் காய்ந்த புஷ்ஷைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு புஷ்ஷிலும் தண்ணீர் தெளித்துப் பார்த்தாலே தெரியும். பழைய எஞ்சின் ஒயிலை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். றப்பர் ஊதிக் கெட்டுவிடும். புதிய புஷ் போட்டால், வாகனம் சில்லில் நின்று பாரம் இறங்கிய நிலையிலேயே லோவர் ஆர்ம் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். ஜேக்கில் தொங்கும்போது இறுக்கினால் றப்பர் முறுகி, சீக்கிரமே கிழியும்.

பயப்பட வேண்டியது போல் ஜொயின்டுக்குத்தான். வளைக்கத் தொடங்கும்போதோ, வளைவில் பிரேக் பிடிக்கும்போதோ ஒரே ஒரு 'டக்'. பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. அது கழன்றால் சில்லு மடிந்து விழும், பிறகு ஸ்டியரிங் பேசாது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தேயிலைச் சரிவு என்றிருக்கும் பாதையில் அதன் விளைவை நான் சொல்லத் தேவையில்லை. பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜேக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து அசைக்க, இன்னொருவர் உள்ளே பார்க்கட்டும். போல் ஜொயின்ட் ஆடினால் தெரியும். டயரின் கீழே இரும்புச் சட்டத்தைக் கொடுத்து நெம்பினால் இன்னும் தெளிவு. இடமும் வலமுமாக அசைக்கும்போது மட்டும் ஆட்டம் என்றால் டை ரொட் எண்ட் அல்லது உள்ளேயுள்ள ரெக் எண்ட். இரு விதத்திலும் ஆடினால் வீல் பெயரிங்கையும் பாருங்கள்.

சில வாகனங்களில் போல் ஜொயின்ட் லோவர் ஆர்முடன் ஒரே சாமானாக வரும். விலை கூடத்தான். அதற்காகப் பஞ்சிகாவத்தைக்குப் போய், கழற்றிய பழையதை வாங்கி வருகிறார்கள். டிரைவ் ஷாப்ட், நக்கிள் போன்றவற்றைப் பார்த்துப் பழையதாக வாங்கலாம். போல் ஜொயின்ட், டை ரொட் எண்ட் இரண்டையும் எனது கடையில் பழையதாக விற்பதில்லை. உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

டை ரொட் எண்ட் மாற்றும்போது, பழையது எத்தனை சுற்றில் கழன்றதென்று எண்ணி, புதியதை அதே அளவு ஏற்றச் சொல்லுங்கள். அப்படிச் செய்தாலும் வீல் எலைன்மென்ட்டைத் தள்ளிப்போடக் கூடாது. இல்லாவிட்டால் அடுத்ததாக டயருக்குத்தான் காசு தேட வேண்டிவரும்.