விட்டுப் பிடிக்கும் பேய்கள்!

லீவு விட்டால் போதும்... தி.நகர், மயிலாப்பூர் ஃபிளாட்டுகளில் போர்வைக்குள்ளிருந்து செல்போன் வெளிச்சம் தெரியும். உள்ளே ஒரு வாண்டு ஹெட்போனோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். கூப்பிட்டால், 'உஷ்... கிரானி வந்துடுவா!' என்று பதில் வரும். அடுத்த அறையில் இருக்கும் நிஜப் பாட்டிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

'கிரானி' 2017-ல் வந்த மொபைல் கேம். பூட்டிய வீட்டிலிருந்து ஐந்து நாள்களுக்குள் தப்பிக்க வேண்டும். கிராஃபிக்ஸ் சுமார்தான். நம் சினிமாப் பேய்களைப் பார்த்தவர்களுக்கு கிரானி சாதாரணக் கிழவி. ஆனால், அவளுக்குக் காது கூர்மை. கையிலிருக்கும் பொருளைக் கீழே போட்டால் சத்தம் வந்த இடத்துக்கே தேடி வருவாள். அதாவது, அவளை வரவழைப்பதே ஆடுகிறவர்தான். 'ஐயோ, சத்தம் போட்டுட்டோமே' என்று ஒளிந்திருக்கும் அந்தச் சில விநாடிகள்தான் வயிற்றைப் பிசையும்.

இந்த வித்தை பழசு. அஸ்வின் சரவணன் இயக்கி 2019-ல் வந்த 'கேம் ஓவர்' படத்தில் கேம் டிசைனராக வரும் டாப்ஸி, 'பேக்-மேன்' பைத்தியம். இருட்டைக் கண்டாலே நடுங்கும் பெண்ணுக்குப் பொருத்தமான விளையாட்டுதான் அது. ஜப்பானின் நாம்கோ நிறுவனத்துக்காக டோரு இவாடானி 1980-ல் உருவாக்கிய அந்த விளையாட்டில் பேய்கள் நான்கு. பார்க்க பொம்மை மாதிரி இருந்தாலும், நான்குக்கும் நான்கு குணம். சிவப்பு நேராகத் துரத்தும். பிங்க், நாம் போகப்போகும் இடத்துக்கு முன்னாலேயே போய் மறிக்கப் பார்க்கும். நீலம், சிவப்பு எங்கே நிற்கிறது என்பதையும் கணக்கில் வைத்து நகரும். அதனால் அதைக் கணிப்பதுதான் கஷ்டம். ஆரஞ்சு, துரத்திக்கொண்டே வந்து கிட்டே நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடும்.

முக்கியமான சங்கதி இனிமேல்தான். அவ்வப்போது நான்குமே துரத்துவதை விட்டுவிட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடும். சில விநாடிகள் கழித்து மறுபடி கிளம்பும். மூச்சுவிடாமல் துரத்தினால் ஆடுகிறவர் அலுத்துப்போவார் என்பது இவாடானியின் கணக்கு. விட்டுப் பிடிப்பது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான்.

2014-ல் வந்த 'ஏலியன்: ஐசோலேஷன்' இதையே உச்சத்துக்குக் கொண்டுபோனது. விண்வெளி நிலையத்தில் ஓர் ஏலியன். அதைக் கொல்ல முடியாது, ஒளியத்தான் முடியும். அதை இயக்குவது இரண்டு மூளைகள். ஆடுகிறவர் எங்கே இருக்கிறார் என்பது முதல் மூளைக்கு எப்போதும் தெரியும். ஆனால் அது, 'அந்தப் பக்கம் போய்ப் பார்' என்று ஏலியனுக்கு ஜாடை மட்டும்தான் காட்டும். கண்ணையும் காதையும் வைத்துத் தேடிப் பிடிப்பது ஏலியனின் பாடு. ரொம்ப நேரம் நெருக்கிவிட்டால், முதல் மூளையே அதைக் கொஞ்சம் அப்பால் அனுப்பிவிடும். 'அப்பாடா' என்று அலமாரியிலிருந்து வெளியே வந்த பிறகுதான், 'எங்கே போச்சு அது?' என்ற கேள்வி பயமுறுத்தும்.

கண்ணில் படாததுதான் அதிகம் மிரட்டுகிறது. 1999-ன் 'சைலன்ட் ஹில்' ஊரையே மூடுபனியால் மூடியது. தூரத்துக் காட்சிகளைக் காட்ட அன்றைய பிளேஸ்டேஷனுக்குத் தெம்பு இல்லாததை அந்தப் பனி மறைத்தது. அதுவே பெரிய பயமாகிவிட்டது! ஆழ்வார்பேட்டை டிமாண்டி காலனிக்கு 2015-ல் படம் வருவதற்கு முன்பே பேய்ப் பெயர் வாங்கிக்கொடுத்ததும், பூட்டிக் கிடந்த வீடுகளும் மரங்களின் இருட்டும்தான். மிச்சத்தை ஜனங்களே நிரப்பிக்கொண்டார்கள்.

கேம் ஆடிவிட்டு, ராத்திரி தனியாக பாத்ரூம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையிடம், 'அதெல்லாம் சும்மா பொம்மை' என்று சொல்லிப் பயனில்லை. பொம்மை என்று அதற்கே தெரியும். தூங்கப்போகும் நேரத்தில் இந்த கேம்கள் வேண்டாம். பகலில் ஆடும்போதும் ஹெட்போனைக் கழற்றச் சொல்லுங்கள். பாதி பயம் காது வழியாகத்தான் வருகிறது. பிறகு, 'கிரானி எப்போ வருவா, எங்கே ஒளிஞ்சா கண்டுபிடிக்க மாட்டா?' என்று நீங்களே விசாரியுங்கள். விரல்விட்டு ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்துவிடும். உங்களையும் ஒரு ஆட்டம் ஆடச் சொன்னால் மறுக்காதீர்கள். நீங்கள் பயப்படுவதைப் பார்ப்பதில் அதற்கு அலாதி சந்தோஷம்.