முழு டேங்க் இரவுகள்

ஓர் இரவில் கசிந்தது 288 மில்லி லிட்டர். புனேயில் பெட்ரோல் லிட்டர் 104 ரூபாய் என்று வைத்தால் 30 ரூபாய். அந்த 30 ரூபாய் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த 5,460 ரூபாய் செலவானது. அதில் 4,000 ரூபாய் தேவையே இல்லாத செலவு. பில்களையும் ஒரு கோடு போட்ட நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி 2013ஆம் ஆண்டு வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். டேங்க் 40 லிட்டர். கோத்ரூடிலிருந்து ஹிஞ்சவாடிக்குப் போக வர நாளைக்கு 36 கிலோமீட்டர். வார இறுதியையும் சேர்த்தால் மாதம் 1,040 கிலோமீட்டர் ஓடும். நகரத்துக்குள் லிட்டருக்கு 14 கொடுக்கிறது. மாதம் 74 லிட்டர், மூன்று தடவை பங்க். எங்கள் சொசைட்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கமான ஏஆர்ஏஐ 1966இல் தொடங்கப்பட்டது; அதன் வளாகம் மேலே இருப்பதால் ஊரே அந்தக் குன்றை ஏஆர்ஏஐ டேக்டி என்றுதான் சொல்கிறது. மலையடிவாரம் என்பதால் வண்டி நிறுத்தும் சந்தும் சரிவு. முன்பக்கம் மேடு, பின்பக்கம் பள்ளம். இந்தச் சரிவுக்கு இந்தக் கணக்கில் பெரிய பங்கு உண்டு.

2025 அக்டோபர் 4, சனிக்கிழமை மாலை டேங்கை நிரப்பினேன். இரவு வண்டிப் பக்கம் போனபோது பெட்ரோல் வாசனை. ஞாயிறும் இருந்தது, திங்களும் இருந்தது. அடுத்த சனிக்கிழமை, 11ஆம் தேதி, ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு வாசனையே இல்லை. ஏசி போட்டால் உள்ளே வாசனை வருகிறது என்று நான் சொன்னதை வைத்து, கோளாறு எஞ்சின் பக்கம்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஸ்கேன் 500, நான்கு இன்ஜெக்டருக்கும் ஓ-ரிங் 640, பெட்ரோல் ஹோஸ் 850, கூலி 1,400. ஆக 3,390, 18 சதவீத ஜிஎஸ்டியோடு 4,000 ரூபாய்.

மூன்று நாள் வாசனை இல்லை. சரியாகிவிட்டது என்று நம்பினேன். 14ஆம் தேதி மறுபடி டேங்கை நிரப்பினேன். அன்றிரவே வாசனை திரும்பியது. அந்த மூன்று நாள் அமைதிக்கும் மாற்றிய ஓ-ரிங்குகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்றுதான் நோட்டை எடுத்தேன். தேதி, போட்ட லிட்டர், மீட்டர், எங்கே நிறுத்தினேன், வாசனை உண்டா இல்லையா என்று ஐந்து பத்திகள். 4ஆம் தேதிக் கணக்கைப் பங்க் ரசீதையும் ஓட்டத்தையும் வைத்துப் பின்னோக்கி எழுதிக்கொண்டேன். அந்தத் தடவை 82 கிலோமீட்டர் ஓடிய பிறகு வாசனை நின்றிருந்தது. 14ஆம் தேதி நிரப்பியதில் 77. தீபாவளிக்கு முன் 19ஆம் தேதி நிரப்பியதில் 85. பதினான்கால் வகுத்தால் மூன்றுமே ஐந்தரையிலிருந்து சுமார் ஆறு லிட்டருக்குள் நிற்கின்றன. மேலே உள்ள ஆறு லிட்டர் தீர்ந்ததும் கசிவு நிற்கிறது என்றால், ஓட்டை டேங்கின் மேல் 15 சதவீதத்தில்தான் எங்கோ இருக்க வேண்டும். எஞ்சின் பக்கம் தேட வேண்டிய வேலையே இல்லை.

தீபாவளி வாரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 20ஆம் தேதி இரவு சந்தில் பிள்ளைகள் புஸ்வாணம் வைத்தார்கள். என் வண்டிக்கும் அவர்களுக்கும் பத்தடி இருக்கும். முதல் நாள்தான் டேங்கை நிரப்பியிருந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் ஓடிப்போய்ப் பிள்ளைகளைச் சந்தின் மறுமுனைக்கு அனுப்பினேன். வண்டியை ஸ்டார்ட் செய்யப் பயந்து, இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தள்ளியே கேட்டுக்கு வெளியே கொண்டுபோனேன்.

கட்கியில் ஒரு தமிழ் மெக்கானிக்கைப் பற்றி அலுவலக நண்பர் சொன்னார். கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே அங்கே தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. இவருடைய குடும்பம் தாத்தா காலத்தில் வந்தது. போனில் நான் கதையை ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சார், வாசனை தினமும் வருதா, டேங்க் ஃபுல்லா இருக்கும்போது மட்டும் வருதா?"

நோட்டில் இருந்ததைப் படித்தேன். "அப்போ ஃபுல் போடாம வாங்க சார். இங்க பக்கத்து பங்க்ல நாமளே போட்டுக்கலாம்" என்றார்.

அக்டோபர் 25. முதலில் பிரஷர் கேஜை மாட்டினார். இந்த வகை எஞ்சினில் பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும். பம்பை ஓடவிட்டு நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் முள்ளைப் பார்த்தோம். 3-இலிருந்து 2.8-க்கு வந்து நின்றது. அழுத்தம் உள்ள பாதை முழுவதும் சரி என்று தெரிந்துவிட்டது. ஆன நேரம் 15 நிமிடம். முதல் பட்டறை இந்தக் கால் மணி நேரத்தைச் செலவழித்திருந்தால் 4,000 ரூபாயும் என் பையிலேயே இருந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டும் வாசனை என்றால் இந்த அழுத்தப் பாதையைப் பார்க்க வேண்டும். எந்த அளவில் பெட்ரோல் இருந்தாலும் வாசனை என்றால் டேங்கின் அடி அல்லது கீழ் ஹோஸ். நிரப்பினால் மட்டும் என்றால் டேங்கின் தலை: பம்ப் உட்காரும் மூடி, ஃபில்லர் நெக், அல்லது பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா.

பங்க்கில் முதல் கிளிக்கோடு நிறுத்தி நிரப்பினோம். திரும்பி வந்து என் சந்தின் சரிவைப் போலவே முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தார். டேங்கின் பின் விளிம்பில் புழுதி கழுவப்பட்டு, விரல் அகலத்துக்கு ஒரு கோடு சுத்தமாகத் தெரிந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, நடுங்கி, விழுந்தது. மூன்று விநாடிக்கு ஒன்று. கீழே ஒரு சின்ன அளவுக் குவளையை வைத்தார். பத்து நிமிடத்தில் 200 சொட்டு. குவளையில் 6 மில்லி லிட்டர். மணிக்கு 36. எட்டு மணி நேர இரவுக்கு 288.

மாதம் மூன்று தடவை நிரப்பி, ஒவ்வொரு தடவையும் இரண்டு இரவு கசிகிறது என்றால் 1.73 லிட்டர், 180 ரூபாய். மொத்தப் பெட்ரோலில் 2.3 சதவீதம். போகும் வழியில் ஒரு வாரம் நெரிசல் கூடினாலே மைலேஜ் அதைவிட அதிகமாக ஆடும். அதனால்தான் மைலேஜை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கசிவு தெரியவே தெரியாது.

அந்த 288 மில்லி லிட்டரை ரூபாயில் மட்டும் அளந்து விட்டுவிட முடியாது. எடையில் அது சுமார் 213 கிராம். முழுவதும் ஆவியானால் 50 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தாலே தீப்பிடிக்கும். அந்தக் கணக்கில் 3.7 கன மீட்டர் காற்றைத் தீப்பிடிக்கும் கலவையாக்க ஓர் இரவுக் கசிவு போதும். ஒரு சின்னக் காரின் உள்ளறையைவிட அதிகம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். நாங்கள் நிறுத்துவது திறந்த சந்தில், காற்று கொண்டுபோய்விட்டது. இதே வண்டி அடித்தளப் பார்க்கிங்கில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே பிடிக்கவில்லை. நம் மூக்கு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பெட்ரோலைக் கண்டுகொள்ளும். தீப்பிடிக்கும் அளவோ பத்து லட்சத்தில் 14,000 பங்கு. அவ்வளவு முன்கூட்டியே எச்சரிக்கை வருகிறது. வாசனை பழகிப்போய் அதைப் பொருட்படுத்தாமல் விடுவதில்தான் ஆபத்து.

அன்று டேங்கை அப்படியே விட மெக்கானிக்குக்கு மனமில்லை. பம்ப் லைன் வழியாக 7 லிட்டரை ஒரு இரும்புக் கேனில் இறக்கி, தன் வண்டிக்கு எடுத்துக்கொண்டு 728 ரூபாயைத் திருப்பித் தந்தார். "மேல ஆறு லிட்டர் இல்லேன்னா கசியாதுன்னு உங்க நோட்டே சொல்லுது சார். எட்டு நாள் ஓட்டிட்டு வாங்க. சரிவுல மட்டும் நிறுத்தாதீங்க."

இடையில் நானா பேட்டுக்குப் போய், கசிவதாக அவர் சொன்ன பம்ப் மூடியின் ரப்பர் ரிங்கை வாங்கினேன். புனேயில் கார் பாகங்களுக்கு அந்தத் தெருக்கள்தான். சேசிஸ் நம்பரைச் சொன்னதும் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். கம்பெனி ரிங் 260 ரூபாய். அதே அளவில் சாதாரண ரப்பர் 40 ரூபாய். கையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சாதாரண ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊதிப்போகும், காய்ந்தால் சுருங்கும். 220 ரூபாய் மிச்சம் பிடித்து அதே வேலையை மறுபடி செய்ய எனக்கு விருப்பமில்லை.

எத்தனால் என்றதும் பலர் இது 20 சதவீதக் கலவையால் வந்த வினை என்பார்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. ஆனால் என் ரிங்குக்கு வயது 12. அந்த ஒரு ரிங்கை வைத்து எத்தனால் மேல் பழி போட மாட்டேன். எத்தனால் அதிகம் இல்லாத காலத்திலேயே இதே இடம் கசிந்திருக்கிறது. 2010 பிப்ரவரியில் மாருதி சுசுகி ஏ-ஸ்டார் கார்களில் சுமார் 1,00,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் பம்ப் கேஸ்கெட்தான் காரணம். டேங்கை விளிம்புவரை நிரப்பினால் கசியலாம் என்றார்கள். 2014 ஏப்ரலில் அதே நிறுவனம் ஃபில்லர் நெக்கை மாற்ற 1,03,311 வண்டிகளை அழைத்தது: ஸ்விஃப்ட் 47,237, டிசையர் 42,481, எர்டிகா 13,593. தானாக நிற்கும் அளவைத் தாண்டி நிரப்பினால் வாசனை வரலாம், அரிதாகக் கசியலாம் என்பதே அப்போதும் சொன்ன காரணம். இரண்டு தடவையும் கசிவைக் காட்டிக் கொடுத்தது நிரம்பிய டேங்க்தான். "ரவுண்டா போட்டுடவா?" என்று பங்க்கில் கேட்பதற்கு நாம் தலையாட்டும்போது, பெட்ரோல் வெயிலில் விரியும் என்பதை மறந்துவிடுகிறோம். 10 டிகிரி சூடேறினால் 40 லிட்டர் சுமார் 0.4 லிட்டர் கூடும். அதற்கு டேங்கில் இடம் வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு. டேங்கில் சுமார் 14 லிட்டர். பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு லைன் அழுத்தத்தை இறக்கினார். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். பின் சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தபோது பம்ப் தலையைச் சுற்றி ஈரமான கறுப்பு மண் ஒட்டியிருந்தது. அதில் ஒரு துளியும் டேங்குக்குள் விழாதபடி துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். இதற்கெல்லாம் 20 நிமிடம். நான்கு கதவையும் திறந்துபோட்டு அரை மணி நேரம் வெறுமனே காத்திருந்தோம். பக்கத்தில் தீயணைப்பான், எங்கள் போன்கள் ரோட்டுக்கு அப்பால் ஒரு ஸ்டூலில். விளக்கு எதுவும் போடவில்லை, பகல் வெளிச்சம்தான். பெட்ரோல் குறைந்த டேங்கில் ஆபத்தும் குறைவு என்று நினைக்கக் கூடாது, காலியான இடம் முழுக்க ஆவிதான் என்றார். ரிங்கை மாற்றி மூடியைப் பூட்ட 25 நிமிடம் ஆனது.

எடுத்த ரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். புது ரிங்கை வெட்டினால் வட்டமாக இருக்கும். இதன் ஒரு பக்கம் தட்டையாகி, விரலால் அழுத்தினால் வளையாமல், நகம் பட்டால் பொடி உதிர்ந்தது. பின்பக்கம் வரும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்.

அவர் வாங்கியது: இரண்டு நாள் பார்த்ததற்கு 300, கூலி 900. ரிங் 260. ஆக 1,460. அவருடைய மொத்த நேரம் 1 மணி 45 நிமிடம், அதில் உண்மையில் பாகம் மாற்றியது 25 நிமிடம் மட்டும். மிச்ச 80 நிமிடமும் பார்ப்பதற்கும் துடைப்பதற்கும் காத்திருப்பதற்கும் போனது. அந்த 80 நிமிடத்துக்குப் பணம் கொடுக்க நாம் தயங்குகிறோம், மாற்றிய பாகத்துக்கு மட்டும் யோசிக்காமல் கொடுக்கிறோம். 300 ரூபாய் போதாது என்று சொல்லிக் கூடுதலாக நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

திரும்பும் வழியில் 26 லிட்டர், 2,704 ரூபாய். முதல் கிளிக்கோடு நிறுத்தச் சொன்னேன். அதே சந்து, அதே சரிவு. டேங்கின் பின் விளிம்புக்கு நேர் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தேன். காலை ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தேன். இரவுப் பனியில் லேசாக நமுத்திருந்தது, கறை இல்லை, வாசனை இல்லை. நோட்டில் அதற்குப் பிறகு உள்ள ஒரே வரி: நவம்பர் 12, 25.1 லிட்டர், சரிவு, தாள் வெள்ளை.