25,000 பேருக்கு எங்கே போவது?

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் இருக்கிறது திமிரி. ஒரு பக்கம் ராணிப்பேட்டையின் தோல் கம்பெனிகள், இன்னொரு பக்கம் செய்யாறு சிப்காட்டின் ஷூ கம்பெனி. எந்தக் கேட்டில் போய் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "முன் அனுபவம் இருக்கா?"

2024 டிசம்பரில் இதே ராணிப்பேட்டை மாவட்டத்தின் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 25,000 பேருக்கு வேலை என்றது அரசு. அனுபவத்தோடு அத்தனை பேர் எந்த ஊரில் காத்திருக்கிறார்கள்?

இந்தச் சிக்கலை இந்த வட்டாரம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது. 1970களின் தொடக்கம் வரை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து கப்பலேறியது பெரும்பாலும் பாதி பதனிட்ட தோல்தான். 1972-ல் மத்திய அரசின் சீதாராமய்யா குழு, அதை முழுமையாக்கி, பொருளாகவும் செய்து அனுப்பச் சொன்னது. பழைய ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. பிறகு ஷூவின் மேல்பாகம் தைக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலை தெரிந்தவர்கள் ஊரில் ஏது? வயல் வேலையும் வீட்டு வேலையும் மட்டும் தெரிந்த பெண்கள் மெஷினில் உட்கார்ந்து பழகினார்கள். இன்றைக்கு 'அனுபவம்' என்று கேட்கிறார்களே, அது அப்படி உண்டானதுதான்.

அதற்காக எல்லா வேலைக்கும் அனுபவம் வேண்டாம், கற்கும் ஆர்வம் போதும் என்று சொல்லிவிட முடியாது. தோலைத் தடவிப் பார்த்தே தரம் பிரிக்கும் கை வருடக்கணக்கில் பழகிய கை. கழிவுநீர்த் தொட்டியில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு, இறங்குகிறவரின் ஆர்வத்தைப் பார்த்து விலகாது.

என் சந்தேகம் வேறு. "கத்துக்க வர்ற புள்ளதானே" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கவும் இந்த 'ஆர்வம்' வசதியாக இருக்கிறது. பழக்குகிற செலவு யார் தலையில்? ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ, இருபது ஆண்டுகளாக பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து மென்பொருள் வேலை பழக்குகிறது. 1961-ன் தொழிற்பழகுநர் சட்டமும் பழகும் காலத்துக்குப் பணம் கொடுக்கத்தான் சொல்கிறது.

பனப்பாக்கத்துக்கு ஆள் எடுக்கும்போது திமிரிப் பெண்களும் வரிசையில் நிற்பார்கள். "அனுபவம் இருக்கா?" என்று கேட்டால், "இல்லீங்க" என்பதோடு நிறுத்தாமல் அவர்களும் இரண்டு கேட்கலாம்: பழகுற மாசத்துல கைக்கு எவ்வளவு வரும்? கம்பெனி பஸ் எங்க ஊர் வரைக்கும் வருமா?