சவர மிஷின் வாங்கலாமா?

விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் நமக்குச் சவரம் செய்ய நேரமேது? “மிஷின் வாங்கிட்டா பிளேடு செலவே இல்லையே!” என்று நம் இளைஞர்கள் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். முதலில் கணக்குப் பார்ப்போம்.

வாரம் ஒரு பிளேடு, விலை 1 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 52 வெள்ளி. மிஷின் 156 வெள்ளி என்றால் போட்ட முதல் திரும்ப 3 வருடமாகும். தவணை வட்டி வேறு. இதற்கிடையில் உள்ளே இருக்கும் கத்தி தேய்ந்தால் மாற்றவும் காசு வேண்டும். ஆகவே மாற்றுக் கத்தி கிடைக்குமா, என்ன விலை என்று கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

தினமும் சவரம் செய்பவருக்குச் சல்லடைத் தகடு வைத்த மிஷின் நல்லது. இரண்டு மூன்று நாள் விட்டுச் செய்பவருக்குச் சுழல்கத்தி மிஷின் தோதுப்படும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மிஷின் அதைத் தாங்குமா என்றும் பாருங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை சவரம் செய்பவருக்கு மிஷினே வேண்டாம். குளித்த கையோடு, முடி ஊறியிருக்கும்போதே மழியுங்கள். பிளேடை அலசி, உதறிக் காயவையுங்கள். கூடுதல் நாள் வரும்.

ஆனால் ஒரே பிளேடை அப்பாவும் பிள்ளையும் மாற்றி மாற்றிப் போடுவது சிக்கனமல்ல. கல்லீரலைக் கெடுக்கும் கிருமி இரத்தம் வழியே தொற்றிக்கொள்ளும். காசை மிச்சம் பிடிக்கப்போய் ஆஸ்பத்திரியில் படுக்கலாமா?