மாத்திரைப் பையில் தொடங்கும் படிப்பு

பயிற்சிச் சான்றிதழை ஒப்படைக்கும் நாள் நெருங்குவதால், டி.பார்ம் (மருந்தியல் பட்டயப் படிப்பு) மாணவர்களும் பெற்றோரும் எழுதும் கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: கிராம முகாமில் செய்த சேவை, கட்டாயப் பயிற்சி நேரத்தில் சேருமா? சேராது. கிராம முகாம் நடத்தும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் கணக்கு, ஆண்டுக்கு 120 வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம். டி.பார்ம் பயிற்சி தனிக் கணக்கு: மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரம், அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து வழங்கியிருக்க வேண்டும். இரண்டுமே நேரத்தை எண்ணுகின்றன. ‘சேவை வழிக் கற்றல்’ என்று பெருமையாகச் சொல்லப்படுவது, நடைமுறையில், மாணவர் ஓரிடத்தில் இத்தனை மணி நேரம் இருந்தார் என்பதற்கு வாங்கிய கையெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. என்ன கற்றார் என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை.

சேவையே படிப்பாக மாற எளிய வழி ஒன்று உண்டு. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரும்படி முதியவர்களிடம் சொல்ல வேண்டும். மாணவர் ஒவ்வொரு அட்டையாக எடுத்து, எதற்கு, எப்போது, எத்தனை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதே முதியவர் தனியார் டாக்டரிடமும் போகக்கூடும். அரசு தந்த அட்டையில் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை. கடையில் வாங்கிய அட்டையிலும் அதே அம்லோடிபின், ஆனால் கம்பெனி வைத்த வேறு பெயரில். நிறமும் வேறு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் தலைசுற்றும், கால் வீங்கும். அந்த வீக்கத்தை வேறு நோயென்று நினைத்தால், நீர் பிரிய மூன்றாவதாக ஒரு மாத்திரையும் சேரும். அம்லோடிபினால் கால் வீங்கும் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். ஒரு பாட்டியின் பையில் மூன்று அட்டைகளாகப் பார்த்தவருக்கு மறக்காது. எழுதிய பட்டியலை ஆசிரியரோடு அலசி, அதே வீட்டுக்கு இரண்டாம் முறை போய் என்ன மாறியது என்று பார்ப்பதில்தான் படிப்பு இருக்கிறது.

படிப்பை முடிக்காதவர் நோயாளிக்கு யோசனை சொல்வது ஆபத்து என்பார்கள். உண்மை. அதனால்தான் மாணவரின் வேலை கேட்பதும் எழுதுவதும் மட்டுமே. மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ அவர் சொல்லக்கூடாது. ஐயம் எழுந்தால், உடனிருக்கும் பதிவுபெற்ற மருந்தாளுநர் வழியாக அது மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: ஏழைகளின் நோயை மாணவர்களின் பாடமாக்கலாமா? ஒருமுறை போய்ப் படமெடுத்துத் திரும்பும் முகாமுக்கு இந்தக் கேள்வி முழுதாகப் பொருந்தும். அனுமதி கேட்டு, பட்டியலின் ஒரு பிரதியை அந்த வீட்டிலேயே வைத்துவிட்டு, மறுபடியும் வரும் மாணவர் எடுத்ததைவிடக் கொடுத்தது குறையாது. அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாள் கூடவே போகும். பாடச்சுமைக்கு நடுவே நேரம் எங்கே என்பவர்களுக்கு: புதிதாக நேரம் வேண்டாம், முகாமுக்கு ஒதுக்கிய நேரமே போதும்.

இனி, இதையொட்டி எழும் சில கேள்விகள். பார்ம்.டி (ஆறாண்டு மருந்தியல் படிப்பு) மாணவர்களுக்கு? ஆறாம் ஆண்டு முழுதும் பயிற்சி. முகாம் அதற்கு ஈடாகாது.

மாணவர் தனியாக மருந்து வழங்கலாமா? கூடாது; 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு தடுக்கிறது.

போகாமலே கையெழுத்து வாங்கினால்? அது பொய்ச் சான்று; நாளை அந்தக் கையிலிருந்து மருந்து வாங்கப்போவது நாம்தான்.

கல்லூரியிடம் என்ன கேட்கலாம்? பதிவேட்டில் மணிக்கணக்குக்கு அடுத்து ஒரு பக்கம்: எந்தப் பையில் என்ன கண்டாய், அதன் பிறகு என்ன ஆனது?