காட்டெருமையைப் படம் பிடிப்பது எப்படி?

காலை 6 மணி. மலையில் பனி இன்னும் விலகவில்லை. காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ நிற்கிறது. பாறையா? இல்லை. பாறை காதை ஆட்டுமா?

அதுதான் காட்டெருமை!

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலையின் கீழ்ப் பகுதியில் இருக்கிறது, ஆடலூர். காப்பி, மிளகு, மலை வாழை விளையும் ஊர். பன்றிமலையும் தாண்டிக்குடியும் பக்கத்து ஊர்கள். இந்த வட்டாரத்தில் காட்டெருமையும் உண்டு. காட்டு யானையும் உண்டு.

காட்டெருமையைக் கண்டதும் படம் பிடிக்க யாருக்கும் ஆசை வரும். கையில்தான் செல்போன் இருக்கிறதே! ஆனால் பக்கத்தில் போய், முதுகைக் காட்டி நின்று, தன்னையும் சேர்த்துப் படம் எடுக்க நினைத்தால் ஆபத்து. கொடைக்கானல் மலையில் காட்டெருமை முட்டிக் காயம் அடைந்தவர்கள் உண்டு. உயிர் இழந்தவர்களும் உண்டு.

பெயர் எருமை, பிறப்பு மாடு!

காட்டெருமை என்று பெயர் இருந்தாலும், இது எருமை அல்ல. காட்டு மாடு. பழந்தமிழில் இதற்கு "ஆமா" என்று பெயர்.

வளர்ந்த காளை, ஆள் உயரம் இருக்கும். எடை 600 கிலோ முதல் 1,000 கிலோ வரை. உடம்பு கறுப்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. காலுறை மாட்டியது போல் இருக்கும்!

இவ்வளவு பெரிய மாடு புலியைப் போல் இரை தேடி வருவதில்லை. புல்லும் இலையும்தான் அதன் உணவு. பிறகு ஏன் ஊருக்குள் வருகிறது?

காரணம் மனிதன்தான். பழனி மலையின் உச்சியில் ஒரு காலத்தில் பெரிய புல்வெளிகள் இருந்தன. அங்கே சீகை, பைன், தைல மரங்களை நட்டார்கள். மரம் வளர்ந்தது, புல் மறைந்தது. புல்லைத் தேடி மாடு வந்தது.

2013-ம் ஆண்டு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அமைக்கப்பட்டது. அதன் பரப்பு 600 சதுர கிலோ மீட்டருக்கு மேல். ஆனால் எல்லைக் கோடு மாட்டுக்குத் தெரியுமா?

படம் பிடித்த தமிழர்

காட்டு விலங்குகளைப் படம் பிடிப்பதில் வழிகாட்டியாக விளங்கியவர் ஒரு தமிழர். அவர் பெயர் மா. கிருஷ்ணன். "பத்மாவதி சரித்திரம்" எழுதிய மாதவையாவின் கடைசி மகன். 1912-ல் பிறந்தார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது, ஃபைசன் என்ற வெள்ளைக்காரப் பேராசிரியர் அவருக்கு வழி காட்டினார். நீலகிரி, பழனி மலைச் செடிகளைப் பற்றி நூல் எழுதியவர், ஃபைசன். அவருடன் கிருஷ்ணன் கொடைக்கானல் மலைக்கும் போனார். ஃபைசனின் மனைவியிடம் ஓவியம் கற்றார்.

பிறகு காமிராவைக் கையில் எடுத்தார். கடையில் வாங்கிய காமிரா அல்ல! ஒரு காமிராவின் உடல், வேறொன்றின் லென்சு என்று பல பாகங்களைச் சேர்த்து, தானே பொருத்திக் கொண்டார். அதற்கு "சூப்பர் பாண்டரோசா" என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார்.

வளர்ப்பு யானை மீது ஏறிப் போய், காட்டு யானைகளைப் படம் எடுத்தார். எல்லாம் கறுப்பு-வெள்ளைப் படங்கள். அந்தக் காலத்தில் ஒரு பிலிம் சுருளில் 12 படம், அல்லது 36 படம்தான். கழுவிப் பார்த்தால்தான் படம் விழுந்ததா என்று தெரியும். ஆகவே, பொத்தானை அழுத்தும் நேரத்தை விடக் காத்திருக்கும் நேரமே அதிகம்.

1950-ல் கல்கத்தா "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதத் தொடங்கினார். 46 ஆண்டுகள் எழுதினார். 1996 பிப்ரவரி 18-ந் தேதி காலமானார். அதுவரை அவர் எழுத்து நிற்கவில்லை. அவருக்குப் "பத்மஸ்ரீ" பட்டம் அளிக்கப்பட்டது.

புலி எடுத்த படம்!

பக்கத்தில் போகாமல் படம் எடுக்க முடியாதா? முடியும்.

1920-களில், வட நாட்டில் சாம்பியன் என்ற காட்டிலாகா அதிகாரி ஒரு தந்திரம் செய்தார். புலி வரும் பாதையில் மெல்லிய கம்பி கட்டினார். புலியின் கால் கம்பியில் பட்டது. பளிச்! விளக்கு எரிந்தது, படம் விழுந்தது. புலி தன்னைத் தானே படம் எடுத்துக் கொண்டது!

இன்று புலிக் கணக்கெடுப்புக்கும் தானியங்கிக் காமிராக்கள்தான். 2018-19 கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 3 கோடியே 48 லட்சம் படங்கள் விழுந்தன. அவற்றில் புலிப் படம் 76,651. ஒரு புலியின் வரி மற்றொரு புலிக்கு இராது. மனிதனுக்குக் கைரேகை போல, புலிக்கு வரி. அதை வைத்தே எண்ணுகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

மலைக்குப் போகிறவர்கள் இவற்றை நினைவில் வைக்க வேண்டும்:

1. காரில் இருந்தால், காரிலேயே இருங்கள். இறங்காதீர்கள்.

2. காட்டெருமைக்கு மோப்பம் அதிகம். சீறினால், அது உங்களைத் தெரிந்துகொண்டது என்று பொருள். மெல்லப் பின்வாங்குங்கள்.

3. காளை பக்கவாட்டில் திரும்பி, உடம்பு முழுவதையும் காட்டி நிற்கும். "படத்துக்கு நிற்கிறது" என்று எண்ணாதீர்கள். அது மிரட்டல்!

4. கன்றுடன் நிற்கும் பசுவிடமும், தனியே திரியும் காளையிடமும் நெருங்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே போய், தாயையும் கன்றையும் பிரிக்காதீர்கள்.

5. தின்பண்டம் போட்டு அழைக்காதீர்கள். இருட்டில் விளக்கைப் பளிச்சிடாதீர்கள்.

6. சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்.

நல்ல படம் எது?

நல்ல படத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. படத்தில் மாடு மேய்ந்து கொண்டிருக்கும். தலை குனிந்திருக்கும். காமிரா இருப்பதே அதற்குத் தெரியாது.

மாடு தலையை உயர்த்தி முறைத்தால்? எடுத்தவர் எல்லை மீறி விட்டார் என்று பொருள்!

பனி விலகுகிறது. காப்பித் தோட்டத்துக்கு ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். மாடு நிற்பதைப் பார்த்ததும், அவர்கள் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை. மாடு மெல்லத் திரும்பிக் காட்டுக்குள் போகிறது. அதன் பிறகு கூடையை எடுத்துக் கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

படம் பிடிக்கப் போகிறவர்களும் இந்தப் பொறுமையைக் கற்றுக் கொண்டால் போதும். படமும் கிடைக்கும், உயிரும் இருக்கும்.