கூரை யார் பெயரில் இருக்கிறது?

கிழக்குத் தாம்பரத்தில் இருந்து வேளச்சேரி சாலையில் போகும்போது, சேலையூர் தாண்டியதும் அண்ணாந்து பாருங்கள். தனி வீடுகள் சிலவற்றின் மொட்டை மாடியில் கருநீலத் தகடுகள் வெயிலில் மின்னும். அந்த வீட்டுக்காரர்கள் மின்சாரம் வாங்குபவர்கள் மட்டுமல்ல, விற்பவர்களும்கூட.

எப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள். தகட்டில் இருந்து வருவது நேர்மின்சாரம். இன்வெர்ட்டர் அதை நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரமாக மாற்றி, கம்பத்தில் ஓடும் மின்சாரத்தோடு தாளம் பிசகாமல் சேர்க்கிறது. வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியது அதே கம்பி வழியாக அடுத்த வீட்டுக்குப் போகிறது. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இருவழி மீட்டர் கணக்கு வைக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வெயில் காய்ந்தாலும் ஃபேன் ஓடாது. பலரும் இதைக் குறை என்று நினைக்கிறார்கள். குறை இல்லை. லைனை ஆஃப் செய்துவிட்டுக் கம்பம் ஏறும் தொழிலாளி மீது, யாரோ ஒருவர் மாடியில் இருந்து மின்சாரம் பாயக்கூடாது அல்லவா? ஜெனரேட்டரை முறையான மாற்று சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் மாட்டுவதும் அதே ஆபத்துதான். கம்பத்தில் ஏறுபவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நமக்குத் தெரியும்.

மத்திய அரசின் ‘பி.எம். சூர்ய கர்’ திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 மானியம். 1 கிலோவாட் தகடுகளுக்கு நிழல் விழாத 100 சதுர அடி போதும். நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட், இரண்டு மாத பில் கணக்கில் 240 யூனிட் கிடைக்கும். சின்னத் தொகுப்பு வீட்டின் தளத்திலேயே இதை வைத்துவிடலாம். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்று அதே ஆண்டு விதியும் திருத்தப்பட்டது.

ஆக, கம்பி தடையில்லை. தடை காகிதத்தில் இருக்கிறது. சொந்தக் கூரை வேண்டும், செல்லுபடியாகும் மின் இணைப்பு வேண்டும். நம் காலனிகளில் ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனைப்பட்டா பாட்டி பெயரில் இருக்கும். மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். வீட்டைக் கட்டியவர் மகன். நிலமே கையில் இல்லாமல் வைக்கப்பட்ட சமூகத்துக்குக் கூரை மானியம் தருகிறோம் என்றால், முதலில் கூரைக்குப் பத்திரம் தர வேண்டும்.

மேடவாக்கம் தாண்டிப் பெரும்பாக்கம் போனால் இது இன்னும் பெரிதாகத் தெரியும். அடையாறு, கூவம் கரைகளில் இருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் அங்கே எட்டு மாடி அடுக்குகளில் வாழ்கின்றன. பெரும்பகுதியினர் தலித் மக்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரியிலும் அப்படித்தான். மாடி விரிந்து கிடக்கிறது, வெயிலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த மாடி எந்தக் குடும்பத்துக்கும் தனியாகச் சொந்தமில்லை. தனித்தனியாக யார் விண்ணப்பிப்பது?

வழி இல்லாமல் இல்லை. ஒரே இடத்தில் தகடுகளை வைத்து, வரும் யூனிட்டுகளைப் பல வீட்டு மீட்டர்களுக்குப் பங்கிட்டு வரவு வைக்கும் முறைக்கு டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம் என்பதால் சிக்கனமாகப் புழங்கும் வீட்டுக்கு இதில் பெரிய லாபம் இருக்காது, உண்மைதான். லிஃப்ட்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆகும் பொது மின்கட்டணத்தை நினைத்துப் பாருங்கள். அதைக் குறைத்தாலே பராமரிப்புச் செலவில் பெரிய பாரம் இறங்கும். வாழ்விட மேம்பாட்டு வாரியமும் மின் பகிர்மானக் கழகமும் ஒரே ஒரு அடுக்கில் செய்து காட்டட்டும்.

காலனியில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. இன்று மாலை வீட்டுப் பட்டாவையும் மின் அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பெயர் இல்லையென்றால், வாரிசுச் சான்றோடு இ-சேவை மையத்துக்குப் போய்ப் பட்டா மாற்றத்துக்கு மனு கொடுங்கள். அடுத்து மின் இணைப்பின் பெயரை மாற்றுங்கள். மனு எண்ணை எழுதி வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.